பவானி ஜமக்காள நெசவாளர் பொதுக்குழுவில் செயலாளர் வாசித்த ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும், இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் நெசவாளர் பெருமக்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. மறைந்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்கு ஈமச்சடங்கு உதவித்தொகை அன்றன்றே வழங்கப்பட்டது. தணிக்கை செய்த கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த விளம்பரப் பணியைப் பற்றித்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொலைக்காட்சியில் விளம்பரம், சென்னையில் கண்காட்சி, நாட்காட்டி, நெடுஞ்சாலையில் பெரிய பலகை எனப் பல யோசனைகள் வந்தன. எதற்கும் ஒப்புதல் தருவதற்கு முன், இதைச் செய்தால் யார் என்ன செய்வார்கள் என்று குழு கேட்டது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காத யோசனைகளை ஒத்திவைத்தோம். உறுப்பினர்களின் சந்தாவில் சேர்ந்த பணம் இது; வாரி இறைக்க நமக்கு உரிமை இல்லை.

நமக்கு வாங்குபவர்கள் இல்லாமல் போகவில்லை. பவானி ஜமக்காளம் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்டவர் கையில் விசைத்தறிச் சரக்கு போய்ச் சேருகிறது என்பதே நம் நோய். 1985ஆம் ஆண்டின் கைத்தறி ரக ஒதுக்கீட்டுச் சட்டம் ஜமக்காளத்தைக் கைத்தறிக்கு மட்டுமே ஒதுக்கியது. தொடக்கத்தில் 22 ரகங்களாக இருந்த அந்தப் பட்டியல் 11ஆகச் சுருங்கிய பிறகும் ஜமக்காளம் அதில் நிற்கிறது. ஆனாலும் கடைகளில் நாம் பார்ப்பது வேறு. நடவடிக்கை கோரி மனுக்கள் கொடுத்துவருகிறோம், இனியும் கொடுப்போம். அதிகாரிகளின் வேலையை நாம் செய்ய முடியாது. ஆனால் சரக்கு கையால் நெய்ததுதான் என்று காட்டும் கைத்தறி முத்திரையைப் பார்த்து வாங்க, வாங்குபவரைப் பழக்கலாம். ஆகவே பரப்புரையின் நோக்கத்தை ஒரே வரியில் எழுதிக் குறிப்பேட்டில் சேர்த்தோம்: பவானி ஜமக்காளம் கேட்பவர், கைத்தறி முத்திரையைப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

இப்படி எழுதியதும் பல வாதங்கள் தாமாகவே தீர்ந்தன. தள்ளுபடியை விளம்பரத்தின் முதல் வரியாகப் போட வேண்டும் என்று சில உறுப்பினர்கள் வற்புறுத்தினார்கள். விலையில் மோதினால் விசைத்தறிதான் வெல்லும். அடி விழுவது நெசவுக் கூலியில். கூலி உயராவிட்டால் அடுத்த தலைமுறை குழித்தறியில் இறங்காது. எனவே 'மலிவு' என்ற சொல் நம் துண்டறிக்கையில் எங்கும் வரவில்லை. தறியில் உட்கார்ந்து நாடா வீசும் நெசவாளரின் படமும், முத்திரையின் படமும், சோதிக்கும் முறையும் மட்டுமே அதில் இருந்தன.

துண்டறிக்கை அச்சாகும் முன் ஒரு வேலையை முடித்தாக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். பவானி ஜமக்காளத்துக்கு 2005-06இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் அதைத் தன் சரக்கில் பயன்படுத்த, உற்பத்தியாளர் சென்னையில் உள்ள பதிவகத்தில் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகத் தனியே பதிவு செய்ய வேண்டும். நம்மில் பலர் செய்திருக்கவில்லை. 2006இல் வந்த கைத்தறி முத்திரையும் அப்படித்தான். பதிவு செய்தவருக்கே கிடைக்கும். முத்திரையைப் பாருங்கள் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, நம் சரக்கிலேயே அது இல்லாமல் போனால் யார் நம்புவார்கள்? விண்ணப்பம் நிரப்ப உதவிய இளைஞர்களுக்கு இந்த மன்றத்தின் நன்றி உரியது.

காலம் குறிப்பதில் காவிரி நமக்கு உதவினாள். ஆடிப் பெருக்கன்று, காவிரியோடு பவானி ஆறு சேரும் கூடுதுறையில் கூடும் கூட்டத்தை நாம் பணம் கொடுத்துத் திரட்ட வேண்டியதில்லை. அடுத்த சில நாட்களில், ஆகஸ்ட் 7 அன்று தேசியக் கைத்தறி நாள். 1905இல் அதே தேதியில் கல்கத்தாவில் தொடங்கிய சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015 முதல் கொண்டாடப்படுகிறது. ஆடி முடிந்தால் ஆவணி முகூர்த்தங்கள். சங்கமேஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு வீடு திரும்பும் குடும்பம் சில வாரங்களில் கல்யாணச் சீர் வாங்கும் குடும்பமாகவும் இருக்கக்கூடும். அதனால் செலவு முழுவதையும் ஆடி மாதத்திலேயே, கூடுதுறைப் பாதையிலேயே வைத்தோம். அங்கே ஒரு குழித்தறியை நிறுவி நெய்து காட்டினோம். அகலமான ஜமக்காளத்தை இருவர் சேர்ந்து உட்கார்ந்து நெய்வதைக் கண்டவர்கள், அதன்பின் விலையைப் பற்றிக் கேட்ட விதமே மாறியிருந்தது. இந்த ஆண்டில் எனக்கு மிகுந்த மனநிறைவு தந்தது இதுதான்.

பலனை அளக்க, விற்பனை நிலையத்தில் ஒரு பதிவேடு வைத்தோம். வருபவர் தாமாக முத்திரையைக் கேட்டாரா, எங்கே கேள்விப்பட்டார் என்ற இரண்டை மட்டும் குறிக்கச் சொன்னோம். தாமாகக் கேட்பவர்கள் ஆவணியில் கூடியிருக்கிறார்கள். ஐப்பசிக்குப் பிறகு குறைந்துவிட்டார்கள். கூடுதுறையில் நெசவைப் பார்த்தேன் என்றவர்களே அதிகம். துண்டறிக்கையைச் சொன்னவர்கள் சொற்பம். திருமண மண்டப உரிமையாளர்களுக்கு அனுப்பிய கடிதங்களுக்கு ஏறக்குறைய பதிலே இல்லை. நாற்காலிகள் வந்த பிறகு அவர்களுடைய தேவை மாறிவிட்டது என்றே கருதுகிறேன்.

இவற்றின் அடிப்படையில் மூன்று தீர்மானங்களை முன்மொழிகிறேன். வரும் ஆண்டு துண்டறிக்கைச் செலவைக் குறைத்து, அந்தப் பணத்தைத் தை முகூர்த்தங்களுக்கு முன் ஈரோட்டில் இன்னொரு நெசவுக் காட்சிக்கு ஒதுக்க வேண்டும். காட்சித் தறியில் உட்காரும் நெசவாளருக்கு முழு நாள் கூலி தர வேண்டும். பதிவு செய்யாத உறுப்பினர்கள் அனைவரும் சித்திரைக்குள் பதிவை முடிக்க வேண்டும். பொதுக்குழு இவற்றை விவாதித்து ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்