ரிலே வாங்கும் முன் மீட்டரை எடு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடி மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டாய் என்று படித்ததும் பெரிய நிம்மதி. மகள் மின் பொறியியலில் சேர்ந்திருப்பதும் நல்ல சேதி. இந்தக் கடிதத்தை அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி, பாதி வேலையை அவளே முடித்துவிடுவாள். இங்கே எல்லாரும் சுகம். எனக்குக் கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது. பார்வை தெளிந்திருக்கிறது, ராத்திரியில் எதிரே வரும் விளக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் கூசுகிறது. அதனால் ஹெட்லைட் பற்றி நீ கேட்டிருப்பது இப்போது எனக்கும் நெருக்கமான விஷயம்தான்.

வெளிச்சம் போதவில்லை, 100 வாட் பல்ப் போடலாமா, இல்லை ரிலே, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச், போடலாமா என்று கேட்டிருக்கிறாய். 100 வாட் வேண்டவே வேண்டாம். இப்போது உள்ள 60/55 வாட் எச்4 பல்புக்கே சேர வேண்டிய மின்சாரம் சேரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்த நிலையில் வாட்டைக் கூட்டினால் அதே தேய்ந்த சுவிட்ச், வயர்களை இணைக்கும் அதே பழைய கப்ளர், அதே மெல்லிய வயர் இன்னும் அதிக ஆம்பியரைச் சுமக்க வேண்டும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதையாகிவிடும். பல்பின் சூட்டில் ஹோல்டர் உருகும், ரிஃப்ளெக்டர் மங்கும், மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டருக்கும் சுமை கூடும்.

ரிலே வாங்குவதற்கு முன்னால் ஒரு மல்டிமீட்டரை எடுத்து உட்கார். எஞ்சின் ஓடட்டும், ஹெட்லைட் எரியட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் இன்னொன்றைப் பல்பின் பின்பக்கப் பாசிட்டிவ் பின்னிலும் வை. மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோன வோல்ட். அதேபோல் பேட்டரி நெகட்டிவுக்கும் பல்பின் எர்த் பின்னுக்கும் நடுவே ஒரு முறை அளந்துகொள். விளக்கு எரியாமல் அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும். மின்சாரம் ஓடும்போதுதான் தடை தன்னைக் காட்டிக்கொள்ளும். இரண்டு பக்கமும் சேர்த்து அரை வோல்ட்டுக்குள் இருந்தால் உன் வயரிங்கில் குறை இல்லை, ரிலே போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ரிஃப்ளெக்டரையும் கண்ணாடியையும் விளக்கின் உயரத்தையும் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

ஒரு வோல்ட், இரண்டு வோல்ட் போனால் என்ன ஆகிவிடும் என்று நினைக்காதே. ஹாலஜன் பல்பில் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்க்கணக்கில் குறைவதில்லை, அதன் 3.4 அடுக்குக் (பவர்) கணக்கில் குறைகிறது. பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து பல்புக்கு 11.9 மட்டும் போய்ச் சேர்ந்தால், வெளிச்சத்தில் கிட்டத்தட்ட 40 சதவீதம் காணாமல் போய்விடும். பழைய வண்டிகளில் இது சர்வசாதாரணம். மின்சாரம் போகும் வழியைப் பார்: பேட்டரியிலிருந்து மெயின் ஃபியூஸ், பிறகு சாவி சுவிட்ச், பிறகு ஹேண்டிலில் லைட் சுவிட்ச், டிப் சுவிட்ச், நடுநடுவே கப்ளர்கள், கடைசியில் பல்ப், அங்கிருந்து எர்த் வழியாகத் திரும்புதல். ஒவ்வொரு தொடுமுனையும் தன் பங்குக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்கிறது. மொத்தத் தடை 0.2 ஓம் சேர்ந்தால் போதும், 5 ஆம்பியரில் ஒரு வோல்ட் போய்விடும். அந்த ஒரு வோல்ட் 5 வாட் சூடாக அந்த முனைகளிலேயே இறங்குகிறது. சுவிட்சைத் தொட்டால் வெதுவெதுப்பாக இருப்பது அதனால்தான்.

ரிலே செய்வது இதுதான்: பெரிய மின்சாரத்தை அந்தச் சுற்றுவழியிலிருந்து எடுத்துவிட்டுப் பேட்டரியிலிருந்து நேராகப் பல்புக்குக் கொண்டுபோகும். பழைய சுவிட்சுகள் ரிலேயின் காயிலை, அதாவது உள்ளே உள்ள கம்பிச்சுருளை மட்டும் இயக்கும். சாதாரண 12 வோல்ட் ரிலேயின் காயில் 80, 100 ஓம் இருக்கும். அதாவது 0.15 ஆம்பியர் அளவே இழுக்கும். 5 ஆம்பியர் சுமந்த சுவிட்சுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஹெட்லைட் பளிச்சென்று ஆவதை எல்லாரும் பேசுகிறார்கள். என்னைக் கேட்டால், எளிதில் கிடைக்காத பழைய சுவிட்சின் ஆயுள் கூடுவதுதான் அதைவிடப் பெரிய லாபம்.

ரிலேயின் கால்களில் உள்ள எண்களைக் குழப்பிக்கொள்ளாதே. 30 பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர். 87 பல்புக்குப் போவது. 85, 86 இரண்டும் காயில். நடுவில் ஐந்தாவதாக 87ஏ என்று இருந்தால் அது ரிலே ஓய்வில் இருக்கும்போது இணைந்திருக்கும் முனை, உனக்கு அது தேவையில்லை. அதில் வெறும் வயரை மாட்டித் தொங்கவிட்டுவிடாதே, சாவியைப் போடாதபோதும் அதில் மின்சாரம் இருக்கும். சில ரிலேயில் நடுமுனையும் இன்னொரு 87 ஆகவே இருக்கும். மூடியில் உள்ள படத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதே படத்தில் காயிலுக்குக் குறுக்கே டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடுவது) வரைந்திருக்கிறதா என்றும் பார். காயில் அணையும் கணத்தில் நூற்றுக்கணக்கான வோல்ட் அளவுக்கு ஒரு துள்ளல் கிளம்பும், அதை அடக்கத்தான் அந்த டயோடு. டயோடு இருந்தால் 86-க்குப் பாசிட்டிவ், 85-க்கு எர்த் என்பது வழக்கம். மாற்றிக் கொடுத்தால் டயோடு நேராக ஷார்ட் ஆகிவிடும். டயோடுக்குப் பதில் ரெசிஸ்டர் வைத்த ரிலேயில் இந்தத் தொல்லை இல்லை.

லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று என இரண்டு ரிலே. பழைய ஹெட்லைட் சாக்கெட்டை வெட்டாதே. எச்4 பல்பின் மூன்று காலுக்கு ஏற்ற ஒரு பிளக் செய்து அந்தச் சாக்கெட்டில் செருகு. அதிலிருந்து வரும் லோ, ஹை வயர்கள் இரண்டு ரிலேயின் காயிலுக்கும் போகட்டும். என்றைக்காவது வழியில் ரிலே மக்கர் செய்தால், அந்த பிளக்கைக் கழற்றிப் பழைய சாக்கெட்டைப் பல்பிலேயே மாட்டிக்கொண்டு வீடு வந்து சேரலாம். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வை. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை. ஃபியூஸுக்கு முன்னால் உள்ள வயர் எங்காவது உராய்ந்து ஃபிரேமில் பட்டால் அதைத் தடுக்க எதுவும் இல்லை. 2 சதுர மி.மீ. செம்பு வயரும் நீல நிற 15 ஆம்பியர் ஃபியூஸும் இந்த வேலைக்குத் தாராளம்.

இதுவரை சொன்னது எளிது. இனிச் சொல்வதில்தான் நீ கவனம் வைக்க வேண்டும். ரிலே போட்ட பிறகும் வண்டி நடுவழியில் நிற்கிறது என்றால், பத்தில் ஒன்பது ரிலேயின் குற்றமாக இருக்காது, இணைப்பின் குற்றமாகத்தான் இருக்கும். நீ இரண்டு ரிலே சேர்க்கும்போது பத்துப் பதினைந்து புது இணைப்புகளையும் சேர்க்கிறாய். அவற்றில் ஒன்று சொதப்பினாலும் பழைய வயரிங்கே மேல் என்றாகிவிடும்.

போன மாதம் ஒரு பையன் வண்டியைக் கொண்டுவந்தான், பேட்டரி சார்ஜ் ஏறவில்லை என்று. சீட்டைக் கழற்றினால், மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டரிலிருந்து அதைச் சீராக்கும் ரெகுலேட்டருக்குப் போகும் மூன்று மஞ்சள் வயர் சேரும் வெள்ளைக் கப்ளர். அதில் ஒரு துளையைச் சுற்றி மட்டும் பழுப்பேறி, அப்புறம் கருப்பாகி, நைலான் உப்பியிருந்தது. அந்த வயரின் இன்சுலேஷன் இரண்டு அங்குல நீளத்துக்கு விறைத்து நின்றது, வளைத்தால் நொறுங்கியது. மற்ற இரண்டும் புதிதுபோல இருந்தன. ஒரே ஒரு பெண் முனையின், அதாவது எதிர்முனையை உள்வாங்கிப் பிடிக்கும் முனையின் பிடி தளர்ந்ததுதான் காரணம். பிடி தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் சூடு, சூட்டில் அந்த முனையின் ஸ்பிரிங் இன்னும் தளரும். ஒருமுறை தொடங்கிவிட்டால் அது தானாக நிற்காது. அந்த இடத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுவது வேலைக்கு ஆகாது. முனையை வெட்டி, கருகாத செம்பு தெரியும் வரை பின்னால் போய், புது முனை போட வேண்டும்.

ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரா, முனையை நசுக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்பா என்று கேட்டாயே, வண்டியில் கிரிம்ப்தான். சால்டர் உருகி இழைகளுக்குள் ஊறிப் போகும். அது நிற்கும் இடம் வரை வயர் கம்பியாக விறைத்துவிடும். அதிர்வெல்லாம் அந்த விளிம்பில் வந்து விழுந்து, ஒருநாள் இன்சுலேஷனுக்குள்ளேயே முறிந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. நல்ல கிரிம்பில் முனையின் முன் சிறகுகள் இரண்டும் சுருண்டு உள்நோக்கி இறங்கி, செம்பிழைகளைக் காற்றுப் புகாதபடி நசுக்கிப் பிடிக்கும். பின் சிறகுகள் இன்சுலேஷனை அணைத்துக்கொள்ளும், இழுவையும் அதிர்வும் அவற்றோடு நின்றுவிடும். இரண்டு சிறகுக்கும் நடுவில் செம்பும் இன்சுலேஷனும் சந்திக்கும் கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். முடித்ததும் வயரைப் பிடித்து நன்றாக இழுத்துப் பார். கழன்று வந்தால் இப்போதே வருவது நல்லது. இதற்கு முழுதாக அமுங்கினால் தவிர வாய் திறக்காத ராட்செட் கிரிம்பிங் கருவி வேண்டும். சாதாரண கட்டிங் பிளேயரால் நசுக்கிய முனையை நான் நம்புவதில்லை. ஓடும் வயரை அறுக்காமல் கிள்ளிப் பிடிக்கும் அந்த வண்ண வண்ண கிளிப்புகளையும் வாங்காதே. அதன் தகடு இழைகளை வெட்டிவிடும், ஈரமும் உள்ளே போகும். ஒரு மழைக்காலம் கழித்துத் திறந்தால் உள்ளே பச்சைக் களிம்புதான் இருக்கும்.

மழையும் கழுவும் தண்ணீரும் படும் இடத்தில் ஒவ்வொரு வயருக்கும் தனி ரப்பர் சீல் உள்ள கப்ளரைப் போடு. டாய்ச் டிடி என்ற சீல் கப்ளர் வகையில் சாதாரண 16 அளவு முனை 13 ஆம்பியர் வரை தாங்கும், ஹெட்லைட்டுக்கு அது போதும். ரெகுலேட்டர், செல்ஃப் பக்கம் அதைவிடப் பெரிய முனை வேண்டும். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டு. வயர் கீழே ஒரு தொய்வு விட்டு மேலேறட்டும், தண்ணீர் அந்தத் தொய்விலேயே சொட்டிவிடும்.

எர்த்தை மறந்துவிடாதே. பெயின்ட் மேல் போல்ட் போட்டு எர்த் என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஹெட்லைட் எர்த் ஸ்டியரிங் பேரிங் வழியாகத் திரும்பும் வண்டிகளும் உண்டு. பல்பின் நெகட்டிவிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை தனி வயர் ஓட்டிவிடு, பாசிட்டிவுக்குப் போட்ட அதே தடிமனில்.

உன் வண்டியின் ஹெட்லைட் டிசியில் ஓடுகிறதா என்றும் முதலில் உறுதி செய்துகொள். எஞ்சின் ஓடாமல் சாவி போட்டதும் எரிந்தால் டிசி. எஞ்சின் ஓடினால்தான் எரிந்து, ஆக்சிலேட்டருக்கு ஏற்ப வெளிச்சம் கூடிக் குறைந்தால் அது ஏசி. சிறிய வண்டிகளில் எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னட்டோவிலிருந்து நேராக அப்படி வரும். ஏசியில் இந்த ரிலே கடகடவென்று அடித்துக்கொள்ளும். சார்ஜிங்கையே மாற்றாமல் அங்கே ரிலே பயன்படாது. அதேபோல் எல்இடி போட்ட வண்டிக்கு ஹெட்லைட் ரிலே அவசியமில்லை, அது இழுப்பதே குறைவு. ஹாரனுக்கு ஒரு ரிலே போடுவதை நான் ஆதரிப்பேன், அதிலும் இரட்டை ஹாரன் என்றால் கட்டாயம். பெரும்பாலான வண்டிகளில் ஹாரன் பொத்தான் எர்த் பக்கம்தான் இருக்கும், அதனால் பழைய ஹாரனின் இரண்டு வயரையும் அப்படியே காயிலின் இரண்டு காலுக்கும் கொடுத்தால் முடிந்தது.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பார். விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டக் கூடாது. வயர் எங்கும் இழுபடக் கூடாது.

நானும் வருகிற வாரம் என் வண்டியின் முன்பக்க வயரிங்கைப் பிரித்துச் சீல் கப்ளர் போடப் போகிறேன். மனைவி உன் வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். மகளை மீட்டரோடு உட்கார வைத்து, பாசிட்டிவ் பக்கம் எத்தனை, எர்த் பக்கம் எத்தனை என்று இரண்டு எண்ணையும் தனித்தனியாக எழுதி அனுப்பு. எர்த் பக்கம்தான் அதிகம் என்றால் ரிலேயை விட்டுவிட்டு முதலில் அந்த ஒரு வயரை மட்டும் போட்டுப் பார்ப்போம்.

அன்புடன்,
ராஜாராமன்