அம்பாசமுத்திரம் அண்ணனுக்கு, வெங்கனிலிருந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நான் நலம். நீங்களும் மதினியும் பிள்ளைகளும் நலம்தானே? அம்மாவுக்கு முட்டுவலி குறைந்திருக்கிறதா? போனில் பேசினால் பாதிப் பேச்சில் உங்கள் கடைக்கு ஆள் வந்துவிடுகிறது, எனக்கும் வேலை வந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். சைக்கிள் கடையை மூடிவிட்டு இடத்தை வாடகைக்கு விடப் போகிறீர்கள் என்று மதினி சொன்னார்கள். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால் இதை ஒருதடவை முழுசாகப் படித்துவிடுங்கள்.

நான் இருக்கும் வெங்கன் சுவிட்சர்லாந்தில் ஒரு மலைக் கிராமம். உள்ளூர்க்காரர் கார், வெளியூர்க்காரர் கார் எதுவும் இங்கே ஏறி வராது. கீழேயுள்ள லவுட்டர்புருன்னன் 795 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நாங்கள் 1274 மீட்டரில். இரண்டுக்கும் நடுவே 1893-லிருந்து பல்சக்கர ரயில் ஓடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் ரயிலில் பல் வைத்த தண்டவாளத்தைப் பார்த்திருக்கிறோமே, அந்த வகைதான். ஊட்டி ரயில் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏறும். இது செங்குத்தான இடத்தில் நாலடிக்கு ஓரடி ஏறுகிறது. காய்கறியிலிருந்து கட்டில் மெத்தை வரை எல்லாம் இதில்தான் மேலே வருகிறது. காரில் வந்தவர்கள் லவுட்டர்புருன்னன் ஸ்டேஷன் பக்கத்திலுள்ள அடுக்குமாடி நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டு ரயில் ஏறுவார்கள். மேலே இறங்கியதும் ஓட்டல்களின் பேட்டரி வண்டிகள் பெட்டிகளை ஏற்றிக்கொள்ளும். மனுஷர்கள் நடப்பார்கள்.

இந்த ஊரில் பிள்ளைகள் நடுத்தெருவில் சைக்கிள் பழகுகிறார்கள். ஐந்து வயசுப் பிள்ளை தட்டுத்தடுமாறி ஓட்டிக்கொண்டு போகிறது, தாய்க்காரி கடை வாசலில் நின்று நிம்மதியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். நம்ம சின்னவளை பஸ் ஸ்டாண்டு ரோட்டில் விட மதினி எவ்வளவு பயப்படுகிறார்கள் என்று அப்போது நினைத்துக்கொள்வேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் வேலை பார்க்கும் ஓட்டலில், தங்க வருகிறவர்கள் சைக்கிளை விடும் அறையை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். உங்கள் கடையில் ஸ்பேனர் பிடித்துக் கற்றது இந்த மலையில் எனக்குச் சோறு போடுகிறது. அந்த அறையைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்லவேண்டும்.

அறை தரைத்தளத்தில், வாசலை ஒட்டி இருக்கிறது. படி கிடையாது. களைத்து வருகிறவர் வண்டியைத் தூக்காமல் உருட்டிக்கொண்டே உள்ளே வந்துவிடலாம். கதவுக்கு நல்ல பூட்டு, சுவர் நெடுகக் கொக்கிகள். வெளியே குழாயும் பிரஷும் வைத்த கழுவுமிடம். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சவேண்டாம் என்று எழுதி மாட்டியிருக்கிறேன். ஹப்பிலும் பெடல் அச்சிலும் தண்ணீர் புகுந்து கிரீஸ் போய்விட்டால் பால்ரஸ் தேய்ந்துவிடும், உங்களுக்குத் தெரியாததா? ஒரு மூலையில் வண்டியைத் தூக்கி மாட்டும் ஸ்டாண்டு, எல் சாவிகள், டயர் லிவர், காற்றழுத்தம் காட்டும் பம்ப். பெரும்பாலான டயரில் டியூபே இல்லை. உள்ளே பால் போன்ற திரவம் ஊற்றியிருக்கிறது, சின்ன முள் குத்தினால் தானே அடைத்துக்கொள்ளும். நம்ம பக்கத்து உடைமுள்ளுக்கு அது தாங்குமா என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை, பார்க்கவேண்டும். மலை இறக்கத்தில் டிஸ்க் பிரேக் கட்டை சீக்கிரம் தேய்கிறது, அதனால் அதுவும் கையிருப்பில் வைத்திருக்கிறேன்.

அடுத்த அறையில் நனைந்த துணியும் ஷூவும் காய்வதற்கு வெந்நீர்க் குழாய் ஓடுகிறது. மழை ஊர் இல்லையா, அது இல்லாவிட்டால் மறுநாள் யாரும் வண்டியைத் தொடமாட்டார்கள். விடியற்காலையில் கிளம்புகிறவர்களுக்கு வயிறு நிறையச் சாப்பாடும், வழியில் தின்னப் பொட்டலமும் கட்டித் தருகிறோம். பேட்டரி சைக்கிளில் வருகிறவர்கள் இப்போது அதிகம். அறுபது, எழுபது வயதுத் தாத்தா பாட்டிகள் சிரமமில்லாமல் மேடேறிப் போகிறார்கள். 25 கிலோமீட்டர் வேகம் வரை உதவும் வண்டியைப் பதினாறு வயதானவர் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டலாம். 45 வரை போவதற்கு மஞ்சள் நம்பர் பிளேட், லைசென்ஸ், ஹெல்மெட் மூன்றும் வேண்டும்.

ஜெர்மனியில் சைக்கிள்காரர்கள் சங்கம் 1995 முதல் இப்படிப்பட்ட தங்குமிடங்களுக்கு ‘பெட் அண்ட் பைக்’ என்று முத்திரை கொடுக்கிறது. அதற்குக் கேட்பதெல்லாம் நான் மேலே சொன்னவைதான்: பூட்டுள்ள அறை, துணி காய இடம், ரிப்பேர் சாமான், வழி சொல்லும் மேப், நல்ல காலைச் சாப்பாடு. இன்னொன்றும் உண்டு. ஒரே ஒரு ராத்திரிக்கு வருகிறவரையும் முகம் சுளிக்காமல் ஏற்கவேண்டும். சைக்கிள்காரன் இன்றைக்கு இங்கே, நாளைக்கு அடுத்த ஊரில். மூன்று நாள் தங்கினால்தான் ரூம் என்றால் அவன் எங்கே போவான்? எனக்கு மிகவும் பிடித்த விதி அதுதான். ஆஸ்திரியாவில் வெர்ஃபன்வெங் என்று ஒரு மலைக் கிராமம், அங்கே இன்னும் ஒருபடி மேலே. ரயிலில் வந்தவருக்கும், வந்த காரின் சாவியை ஒப்படைத்தவருக்கும் ஒரு அட்டை தருகிறார்கள். அதைக் காட்டி ஊரின் மின்வண்டிகளையும் சைக்கிள்களையும் எடுத்துக்கொள்ளலாம்.

ரயிலிலும் சைக்கிளுக்கு இடம் உண்டு. தனி டிக்கெட் எடுத்து நாமே ஏற்றிக் கொக்கியில் மாட்டவேண்டும், சில விரைவு ரயில்களில் முன்பதிவும் வேண்டும். குடும்பமாக வருகிறவர்கள் வண்டியோடு எங்கள் ரயிலில் லவுட்டர்புருன்னன் இறங்கி, ஆற்றோரமாகவே கீழேயுள்ள இன்டர்லாக்கன் ஊர் வரை போகிறார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும், லேசான இறக்கம், மிதிக்கவே வேண்டாம். தைரியமுள்ளவர்கள் 2061 மீட்டரில் இருக்கும் கிளைன ஷைடெக் கணவாய் வரை ரயிலில் ஏறி, அங்கிருந்து உருண்டு வருகிறார்கள். வழி நெடுக சிவப்புப் பலகையில் வெள்ளை சைக்கிள் படம் போட்டிருக்கிறது. மேப் பார்க்கத் தெரியாதவரும் ஊர் போய்ச் சேரலாம்.

இதெல்லாம் ஏதோ பணக்கார நாட்டு ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். 2018 செப்டம்பரில் சுவிட்சர்லாந்து முழுக்க ஓட்டுப் போட்டு, நூற்றுக்கு 73 பேருக்கு மேல் சைக்கிள் பாதையை அரசியல் சாசனத்தில் சேர்க்கச் சம்மதித்தார்கள். 2023-ல் சட்டமும் அமலுக்கு வந்தது. 2042-க்குள் பாதைகளைப் போட்டு முடிக்கவேண்டும் என்று கெடு வைத்திருக்கிறார்கள். ஜனங்கள் கேட்டார்கள், கிடைத்தது.

அண்ணே, நம்ம ஊரில் இது முடியாது என்று சொல்லாதீர்கள். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு எப்படிப் போகிறோம்? சொந்த வண்டியெல்லாம் அகஸ்தியர்பட்டியில் நின்றுவிட, கவர்மென்ட் பஸ்ஸில்தானே அத்தனை கூட்டமும் மலை ஏறுகிறது. மலைக்குக் கார் போகாமல் இருக்கலாம் என்பது நம்ம ஜனங்களுக்குப் புதுசில்லை.

காட்டுக்குள் சைக்கிள் விடச் சொல்லவில்லை. பாபநாசம் செக்போஸ்ட்டுக்கு மேலே களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், மாஞ்சோலையும் அதற்குள்தான். அங்கே மனுஷர்கள் குறைவாகப் போவதுதான் நல்லது. நான் சொல்வது கீழே, மலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிற சமதரை. நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து செங்கோட்டை பாசஞ்சர் பிடித்தால் அம்பையில் இறங்கலாம். ஸ்டேஷனிலிருந்து நம்ம கடை எவ்வளவு தூரம்? வருகிறவர் சைக்கிளை ரயிலில் கொண்டுவரவே வேண்டாம், நீங்கள் கொடுக்கலாம். மன்னார்கோவில், பிரம்மதேசம் ஒரு காலை. பாலம் தாண்டிக் கல்லிடைக்குறிச்சி, அப்பளம் காயப்போட்டிருக்கும் தெருக்கள், அப்படியே மணிமுத்தாறு அணை ஒரு நாள். திருப்புடைமருதூர் ஒரு முழு நாள்: கோபுரத்துக்குள் நிலை நிலையாக ஓவியங்கள், வெளியே மருத மரங்களில் கொக்கும் நாரையும். வழியெல்லாம் வாய்க்கால் கரை, வயல். மார்கழியிலிருந்து மாசி வரை வெயிலும் தாங்கும்.

பெரிய முதல் வேண்டாம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த சைக்கிள்கள் எத்தனை வீட்டில் படித்து முடித்தபிறகு சும்மா நிற்கின்றன! ஆறு வண்டியை வாங்கி ரிம் கோட்டம் எடுத்து, பிரேக்கும் சீட்டும் மாற்றிவிட்டால் போதும். பின்கட்டு அறையைத் துடைத்துவிட்டால் பையும் செருப்பும் வைக்க இடம். மேலத்தெரு சித்தி மாடி காலியாகத்தானே இருக்கிறது, ஒரு ராத்திரி தங்க அது ஆகும். மதினி கை இட்லிப் பொட்டலம் ஒன்று கையில் கொடுத்தால் அவர்கள் மறுபடி வராமல் இருப்பார்களா?

நீங்கள் இருபது வருஷமாகச் செய்த தொழில் அது. பேங்கில் நான் போட்டிருக்கும் பணத்திலிருந்து முதல் செலவைப் பார்த்துக்கொள்ளலாம், கடன் என்று நினைக்கவேண்டாம். பின்கட்டு அறையின் நீள அகலத்தை அளந்து அனுப்புங்கள், வாசல் கதவின் அகலமும் வேண்டும். குழாயைப் பின்பக்கம் வரை இழுக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டு வையுங்கள். கொக்கி எப்படி அடிப்பது என்று நான் படம் வரைந்து அனுப்புகிறேன்.

அம்மாவிடம் குளிருக்கு நல்ல சட்டை வாங்கிவிட்டேன் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி