சுவீடன் தேர்தல்: 175 என்ற எண்ணை மறக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2026 செப்டம்பர் 13 சுவீடனில் நாடாளுமன்றத் தேர்தல் நாள். அதிக இடம் பிடித்த கட்சிதான் வென்றது என்ற நம் வழக்கமான கணக்கு அந்நாட்டுக்குப் பொருந்தாது. செய்திக்குத் தலைப்பு வைக்கும்போது இதைக் கவனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

2022-இல் சமூக ஜனநாயகக் கட்சிக்கு 107 இடங்கள். சுவீடன் ஜனநாயகர் கட்சி 73, மிதவாதக் கட்சி 68. பிரதமரானவரோ மூன்றாம் இடத்தில் வந்த மிதவாதக் கட்சியின் உல்ஃப் கிறிஸ்டர்சன். யாரும் கட்சி தாவவில்லை. அவரை ஆதரித்த நான்கு கட்சிகளின் கூட்டுத்தொகை 176, எதிர்முகாம் 173, அவ்வளவுதான்.

இன்னும் நுட்பமான விதி ஒன்று உண்டு. சபாநாயகர் முன்மொழியும் பிரதமர் வேட்பாளருக்குப் பெரும்பான்மை ஆதரவு தேவையில்லை. 349 உறுப்பினர்களில் 175 பேர் எதிர்த்து வாக்களிக்காவிட்டால் போதும். 2021 நவம்பர் 24 அன்று சமூக ஜனநாயகக் கட்சியின் மக்தலேனா ஆண்டர்சனுக்குக் கிடைத்த ஆதரவு 117 மட்டுமே. எதிர்ப்பு 174, நடுநிலை 57. எதிர்ப்பில் ஒரு வாக்கு குறைந்ததால் அவர் தேர்வானார். கூட்டணியிலிருந்து பசுமைக் கட்சி விலகியதால் சில மணி நேரத்திலேயே பதவி விலகினார். ஐந்து நாள் கழித்து 101 ஆதரவு, 173 எதிர்ப்புடன் மீண்டும் தேர்வானார். அந்த அவையில் நடுநிலை வகிப்பதும் ஒருவரைப் பிரதமராக்கும். 'ஆதரவு குறைவு, ஆட்சி கவிழும்' என்று அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது.

சிறு கட்சிகளை ஒதுக்கிவிடாதீர்கள். நாடு முழுவதும் 4 சதவீதம் எட்டாத கட்சிக்கு, 29 தொகுதிகளில் ஏதேனும் ஒன்றில் 12 சதவீதமாவது பெற்றிருந்தால் ஒழிய, ஓர் இடமும் இல்லை. 2022-இல் கிறிஸ்டர்சனை ஆதரித்த லிபரல் கட்சி 4.6 சதவீதம் வாங்கி 16 இடம் பெற்றது. அது 4-க்குக் கீழே சரிந்திருந்தால் அந்த 16-ம் போய், 176 என்ற பெரும்பான்மையும் போயிருக்கும். தோழமைக் கட்சியைக் கரையேற்றப் பெரிய கட்சியின் ஆதரவாளர்களே அதற்கு வாக்களிப்பதும் உண்டு. இடதுசாரி முகாமில் அப்படி வாக்களிப்பவரைத் 'தோழர் 4 சதவீதம்' என்றே அழைக்கிறார்கள்.

வாக்களிக்கும் முறை எளிது. நாடாளுமன்றத்துக்கு மஞ்சள் சீட்டு, மண்டல அவைக்கு நீலம், நகராட்சிக்கு வெள்ளை. தடுப்புக்குப் பின்னால் நின்று ஒவ்வொரு சீட்டையும் தனித்தனி உறையில் இட்டு ஒட்ட வேண்டும். அடையாள அட்டையைப் பார்த்தபின் அலுவலர் உறையைப் பெட்டியில் போடுவார். இரு வேறு கட்சிகளின் மஞ்சள் சீட்டுகள் ஒரே உறையில் இருந்தால் அந்த வாக்கு செல்லாது. 18 நாள் முன்பிருந்தே முன்கூட்டி வாக்களிக்கலாம். பிறகு மனம் மாறினால், தேர்தல் நாளில் தன் சாவடிக்கே போய் மறுபடி வாக்களிக்கலாம். முந்தைய வாக்கு எண்ணிக்கையில் சேராது. வாக்காளரை இவ்வளவு மதிக்கும் ஏற்பாட்டை நம் வாசகர்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

இதனால் ஒரு தாமதமும் உண்டு. சாவடிக்கு நேரத்துக்குள் வந்து சேராத முன்கூட்டிய வாக்குகளையும், வெளிநாட்டிலிருந்து வரும் வாக்குகளில் பலவற்றையும் புதன்கிழமைதான் எண்ணுவார்கள். 2022-இல் ஞாயிறு இரவு இழுபறி. அப்போது பிரதமராக இருந்த ஆண்டர்சன் தோல்வியை ஏற்றது புதன்கிழமை. 2018-இல் நிலைமை இன்னும் சிக்கல்: இரு முகாம்களும் 144, 143; இரண்டிலும் சேராத சுவீடன் ஜனநாயகர் 62. அரசு அமைய 134 நாள் ஆயிற்று.

ஆகவே திங்கள் காலைப் பதிப்பில் 'வெற்றி' என்ற சொல் வேண்டாம். ஒவ்வொரு முகாமின் கூட்டுத்தொகையையும், 4 சதவீதக் கோட்டருகே நிற்கும் கட்சிகளின் பெயரையும் ஒரு சிறு கட்டத்தில் அச்சிடுங்கள். புதன்கிழமை எண்ணிக்கை பாக்கி இருப்பதை அதன் கீழே ஒரு வரியில் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
நோர்டிக் நாடுகளின் அரசியலைத் தொடர்ந்து கவனிக்கும் வாசகர்கள்