தேவாங்கைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு வாசகர் பக்கத்தில் ஒருவர், மலையில் ஹோட்டல் கட்ட வருபவர்களை விரட்ட சுலபமான வழி ஒன்று சொல்லியிருந்தார். பாதுகாக்கப்பட்ட மிருகம் ஏதாவது அங்கே இருப்பதாக ஒரு படம் வந்தால் போதுமாம், வேலை நின்றுவிடுமாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதே யோசனை போன மாதம் என் வீட்டு வாசலுக்கே வந்தது.

தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு மேலே, பத்தனை என்கிற புல்மேட்டில் ஹோட்டல் ஒன்று வரப்போகிறது. பெக்கோ வைத்துப் பாதை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வெட்டிய மண் ஊற்றுப் பக்கம் சரிந்து கிடக்கிறது. நாற்பது குடும்பம் நம்பியிருக்கும் பீலியில், மழை பெய்த மறுநாள் பால் ஊற்றிய தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் வருகிறது. இதைப் பற்றி மனு எழுத உட்கார்ந்தபோதுதான் என்னிடம் படித்த நான்கு பையன்கள் வந்தார்கள்.

"சேர், தண்ணி, மண்ணுன்னு எழுதினா ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டாங்க. தேவாங்குன்னு எழுதுங்க. கீழ தெரிஞ்ச ஆள் இருக்கார், ரெண்டு பிடிச்சுத் தருவார். ராவோட ராவா மரத்துல விட்டு வீடியோ எடுத்துடலாம்."

அவர்கள் கோபம் எனக்கும் உண்டு. ஆனாலும் மாட்டேன் என்றேன். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தேவாங்கைப் பிடிப்பதே குற்றம். ஹோட்டல்காரருக்கு முன்னால் இந்த நால்வரும்தான் உள்ளே போவார்கள். அது ஒருபுறம். தேவாங்கு தாவுகிற பிராணியும் இல்லை. கிளைக்குக் கிளை கையால் பற்றி மெல்ல நகர்வது. கீழே பிடித்ததைக் குளிர் மலையில் நாலு மரத்தில் விட்டால் அது எங்கே போகும்? திருட்டு முழி முழிப்பவனை 'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்போம். இந்த விஷயத்தில் முழிக்கப் போவது நாங்கள்தான்.

சட்டத்தில் மிருகத்துக்குப் பலம் இல்லை என்று நான் சொல்லவில்லை. அமெரிக்காவில் டெனசி மாநிலத்தில் டெலிகோ என்றொரு அணை. அதற்காக நூற்றுக்கணக்கான குடும்பங்களின் நிலத்தை எடுத்தார்கள். 1973இல் அந்த ஆற்றில் மூன்று அங்குல அளவே உள்ள ஒரு மீனைக் கண்டார்கள். அணையை எதிர்த்தவர்கள், அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டத்தின் கீழ் அந்த மீனை வைத்து வழக்காடி, 1978இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றும் விட்டார்கள். அது கொண்டுவந்து விட்ட மீனல்ல, அங்கேயே இருந்த மீன். ஆனால் அணையின் கணக்கே பிழை, பெரும்பகுதி கட்டி முடிந்த பிறகும் மிச்சத்தைக் கட்டுவது நட்டம் என்று அரசு அமைத்த குழுவே சொன்னது யாருக்கும் ஞாபகத்தில் நிற்கவில்லை. ஒரு சின்ன மீனுக்காகவா அணையை நிறுத்துவது என்ற கேலிதான் நின்றது. 1979இல் அந்த அணைக்கு மட்டும் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்துக் கட்டி முடித்தார்கள். 2025இல் ஆய்வாளர்கள், அது தனி இனமே இல்லை, வேறொரு மீனின் கிளைதான் என்கிறார்கள். நிலத்தை இழந்தவர்கள் சொன்னது மீனின் முதுகுக்குப் பின்னால் மறைந்து போயிற்று. உண்மையான மீனுக்கே இந்தக் கதி என்றால், பெட்டியில் கொண்டுவந்த தேவாங்குக்கு?

இன்னொன்றையும் பையன்களிடம் கேட்டேன். அதே மரங்களுக்குக் கீழேதான் எங்களுக்கு ஏழு பேர்ச் நிலத்தில் வீடு கட்ட இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். அங்கே தேவாங்கு உண்டு என்று பதிவாகிவிட்டால் முதலில் எந்த வேலை நிற்கும்? ஹோட்டல்காரர் கொழும்பிலிருந்து நிபுணரைக் கூட்டிவந்து அறிக்கை எழுதிவிடுவார். லயன் காம்பராவில் இருப்பவனுக்கு யார் எழுதுவது? நால்வரும் பேசவில்லை.

நாமும் ஒன்றும் சுத்தமில்லை. பன்றிக்கென்று மரக்கறித் தோட்டத்தில் சுருக்குக் கம்பி வைக்கிறோம். 2020 மே மாதம் நல்லதண்ணியில் அப்படியொரு கம்பியில் மாட்டிய கருஞ்சிறுத்தை சிகிச்சை பலிக்காமல் செத்தது. நமக்குத் தேவைப்படாத நாளில் மிருகத்துக்கு நம்மிடம் கிடைப்பது அதுதான்.

சரி, தேவாங்கு இல்லாமல் என்ன எழுதுவது? நிறைய இருக்கிறது. நாங்கள் இருப்பது பதுளை மாவட்டம். இங்கே சரிவில் கட்டுவதற்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை வேண்டும். அதைக் காட்டச் சொல்லிப் பிரதேச சபையில் கேட்கலாம். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனதை, முன்பே எச்சரித்திருந்தும் போனதை, இங்கே எவரும் மறக்கவில்லை. ஹோட்டலில் 99 அறைக்கு மேல் இருந்தால் சுற்றாடல் மதிப்பீட்டு நடைமுறைக்குள் வரவேண்டும். முழு மதிப்பீட்டு அறிக்கை என்றால் அது மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அந்த அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரவேண்டும் என்பது சட்டம். (மூலையில், பூதக்கண்ணாடி எழுத்தில் போடாமல் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், ஆசிரியரே.)

அப்புறம் பையன்களைக் கூட்டிக்கொண்டு மூன்று இரவு டோர்ச்சோடு அந்த மரங்களுக்குள் போனேன். சின்ன வயதில் பீலிக்குப் போகும் வழியில் நெருப்புத் துண்டு மாதிரி இரண்டு கண்களைப் பார்த்திருக்கிறேன். இந்த முறை ஒரு முள்ளம்பன்றி குறுக்கே ஓடியது, அவ்வளவுதான். தேதி, நேரம் போட்டுக் கொப்பியில் எழுதி வைத்தோம், தேவாங்கு தென்படவில்லை என்பதையும் சேர்த்து. பீலியில் ஒரு வாளி நிரம்ப எத்தனை நிமிஷம் என்று இப்போது ஒரு பையன் தினமும் காலையில் போனில் பார்த்து அதே கொப்பியில் குறிக்கிறான். போன வாரம் நாங்கள் கொடுத்த மனுவோடு அந்தப் பக்கங்களின் பிரதியும் போயிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹப்புத்தளை