புயல் வரைபடத்தில் நடுக்கோட்டை மட்டும் பார்த்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அட்லாண்டிக் சூறாவளிப் பருவமான ஜூன் முதல் நவம்பர் வரை, கரீபியன் கடலில் பாய்மரப் படகிலேயே குடியிருப்பவர்களில் நானும் ஒருவன். புயல் செய்திகளுடன் வெளியாகும் பாதை வரைபடத்தைப் பற்றி எழுதுகிறேன்.

அதன் நடுக்கோடு தங்கள் தீவைத் தொடவில்லை என்றதும் பலர் நிம்மதியடைந்துவிடுகிறார்கள். அந்தக் கோட்டைச் சுற்றி, மயாமியிலுள்ள அமெரிக்கத் தேசியச் சூறாவளி மையம் வரையும் கூம்பு வடிவப் பரப்பு, புயலின் மையம் எங்கே செல்லக்கூடும் என்பதை மட்டுமே காட்டுகிறது. காற்றும் அலையும் எவ்வளவு தூரம் பரவும் என்பது அதில் இல்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம் புயலின் மையமே கூம்புக்கு வெளியே போய்விடும் என்பதும் பலருக்குத் தெரியாது.

படகுவாசிகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. மணிக்கு ஐந்தாறு கடல்மைல் மட்டுமே செல்லும் படகு, புயலுக்குப் பெயர் வைத்த பிறகு கிளம்பினால் தப்புவது அரிது. 2024 ஜூன் 28 அன்று தாழ்வு மண்டலமாக உருவான பெரில், 42 மணி நேரத்தில் கடும் சூறாவளியாகி, ஜூலை 1 அன்று கிரெனடாவின் கரியாகூ தீவை ஐந்து வகைகளில் நான்காம் வகைப் புயலாகத் தாக்கியது. தெற்கே இருப்பதால் பாதுகாப்பானது என்று நம்பி, பருவந்தோறும் பலர் ஒதுங்கும் பகுதி அது. ஆகவே, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மேற்கே நகரும் வெப்பமண்டல அலையாக (கடலலை அல்ல; காற்றழுத்தம் குறைந்த மேகத் திரளாக) இருக்கும்போதே புயலைக் கவனித்து, எங்கே ஒதுங்குவது என்று முடிவு செய்துவிட வேண்டும். அம்மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிடும் ஏழு நாள் முன்னோட்டம் இதற்கென்றே இருக்கிறது.

இணையத் தொடர்பு அறுந்தாலும் படகில் காற்றழுத்தத்தை அளக்கும் பாரமானி இருக்கிறது. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் காலை பத்து மணி, இரவு பத்து மணி வாக்கில் ஏறி, அதிகாலையும் மாலையும் நான்கு மணி வாக்கில் இறங்குவது அன்றாட இயல்பு. இந்த ஏற்ற இறக்கத்தைக் குறிப்பேட்டில் மணிக்கொருமுறை எழுதி வருபவருக்குத்தான், அழுத்தம் வழக்கத்தைவிட 3 மில்லிபார் குறைந்திருக்கிறது, புயல் நெருங்கக்கூடும் என்பது உடனே உறைக்கும். கைப்பேசிச் செயலிகளில் வண்ணங்களை மட்டும் பார்த்துப் பழகிய புதியவர்கள் இதைக் கைவிடுவது எனக்குக் கவலையளிக்கிறது.

இனி வரைபடத்தை வெளியிடும்போது, கூம்பு எதைக் காட்டுகிறது, எதைக் காட்டவில்லை என்ற விளக்கத்தை அதன் அடியிலேயே சேர்க்குமாறும், பலத்த காற்று வீசும் பரப்பையும் உடன் தருமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படகுவாசி ஒருவர்,
கிரெனடா.