ஆடிக் காற்றும் உன் கேள்வியும்

பணகுடி,
ஆடி 12

அன்புள்ள சுப்பு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தி முடிந்தது அறிந்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

தங்களுக்கு வேண்டிய கரண்டுக்காக மில்காரர்கள் சேர்ந்து வைக்கும் காற்றாலையில் உன்னையும் பங்கு சேரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். "எங்க கரண்ட் பில் குறையும், சரி. உங்க ஊருக்கு என்னடா கிடைக்குது?" என்றும் கேட்டிருந்தாய். இரண்டு நாளாக அதே யோசனைதான்.

சின்ன வயதில் இந்தக் காற்றை நாம் திட்டாத நாள் உண்டா? மழையை மலைக்கு மேற்கேயே இறக்கிவிட்டு, வைகாசி தொடங்கி புரட்டாசி வரை வெறும் காற்றாக ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வரும். வாழையைச் சாய்க்கும், சோற்றில் மண்ணைப் போடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும் என்பது அன்று நமக்குத் தெரியாது. 1986-ல் தூத்துக்குடி பக்கம் முள்ளக்காட்டில் மின்வாரியம் சில காற்றாடிகளை நட்டுப் பார்த்தது. அப்புறம் முப்பந்தல், கயத்தாறு என்று பரவி, இன்று தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் மொத்தத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அனல் மின்நிலையம் மாதிரி ஒடிசாவிலிருந்து கப்பலில் நிலக்கரி வரவேண்டாம், கொதிக்கவைக்கத் தண்ணீர் வேண்டாம். தண்ணீர் இல்லாத நம் பக்கத்துக்கு அது பெரிய விஷயம்.

என் தங்கை மகனைத்தான் நினைத்துக்கொண்டேன். ஐடிஐ முடித்தவன். இடுப்பில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு காற்றாடிக் கோபுரத்துக்குள் இருக்கும் ஏணியில் 80 மீட்டர் ஏறுகிறான். சாயங்காலம் கிரீஸ் கையோடு வந்து, அம்மா கையால் சாப்பிடுகிறான். அவன் அப்பா இருபது வருஷம் மும்பையில் இருந்து பிழைத்தவர். பிள்ளை சாப்பிடுவதைத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். ஊருக்கு என்ன கிடைத்தது என்றால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் ஒரு வருத்தம் உண்டு. 1990-களில் எங்கள் பொட்டலை ஒரு கம்பெனிக்கு அப்பா சொற்ப விலைக்கு எழுதிக்கொடுத்துவிட்டார். அந்தப் பணம் அக்கா கல்யாணத்தோடு சரி. குத்தகைக்கு விட்டிருந்தால் இன்றைக்கும் வருஷா வருஷம் வந்துகொண்டிருக்கும். அதனால் நீ பங்கு சேர், தாராளமாகச் சேர். நிலத்தை மட்டும் விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுங்கள் என்று உங்கள் கூட்டத்தில் எடுத்துச் சொல். இன்னொன்றும் கேள். நல்ல காற்றுள்ள இடத்தையெல்லாம் பழைய 250 கிலோவாட் காற்றாடிகள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றை இறக்கிவிட்டு இரண்டு, மூன்று மெகாவாட் இயந்திரம் வைத்தால் புது நிலம் அதிகம் தேவைப்படாது.

ஆவணிக்குள் ஒரு நடை வந்துவிட்டுப் போ. அப்பா விற்ற இடத்தைக் காட்டுகிறேன். கம்பெனிக்காரர்கள் மேய்ச்சலைத் தடுப்பதில்லை. மத்தியானம் கோபுர நிழலில் ஆடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். நிழல் நகர நகர, வரிசையும் எழுந்து நகரும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன்,
செல்வராஜ்