டார்லிங்டன் வீட்டுக்கு என்ன பதில்? நிதியமைச்சருக்கு ஒரு கடிதம்

டிசம்பர் 2025

மதிப்பிற்குரிய நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். 2025 நவம்பர் 26 அன்று பட்ஜெட் உரையில் ஒரு கணக்கைச் சொன்னீர்கள். வட இங்கிலாந்தின் டார்லிங்டனிலோ பிளாக்பூலிலோ, விலைப்படி ‘ஏ’ முதல் ‘எச்’ வரை பிரித்ததில் ‘டி’ பிரிவில் உள்ள ஒரு வீட்டுக்குக் கவுன்சில் வரி, அதாவது உள்ளூராட்சிக்குக் கட்டும் வீட்டு வரி, ஏறத்தாழ 2,400 பவுண்டு. லண்டன் மேஃபேரில் ஒரு கோடி பவுண்டு பெறும் மாளிகைக்கு அதைவிடக் கிட்டத்தட்ட 300 பவுண்டு குறைவு. நாடாளுமன்றத்தில் ஒரு நிதியமைச்சரே இதை எழுந்து நின்று சொன்னது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அடுத்து வந்த அறிவிப்பு மேஃபேரைப் பற்றியது. 20 லட்சம் பவுண்டுக்கு மேல் பெறும் வீடுகளுக்கு 2028 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 2,500 முதல் 7,500 பவுண்டு வரை கூடுதல் வரி. மனதார வரவேற்கிறேன். ஆனால் டார்லிங்டன் வீட்டுக்கு என்ன பதில்? உரை முடியும்வரை காத்திருந்தேன், வரவே இல்லை.

அந்த 2,400 பவுண்டில் ஒரு பவுண்டுகூடக் குறையவில்லை. புதிய வரியில் வரும் பணமும் கவுன்சில்களுக்குப் போகாது, உங்கள் கருவூலத்துக்குத்தான் வரும். அதுவும் ஆண்டுக்கு 40 கோடி பவுண்டு அளவில்தான்.

இந்த அநீதியின் வேர் உங்களுக்குத் தெரியாததல்ல. இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஒரு வீடு 1991 ஏப்ரல் 1 அன்று என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதை வைத்தே அதன் கவுன்சில் வரிப் பிரிவு முடிவாகிறது. அன்று மதிப்பிட்டவர்களில் பலர் காரில் தெருவைச் சுற்றிவந்து, இறங்காமலே பிரிவு போட்டார்கள். ‘இரண்டாம் கியர் மதிப்பீடு’ என்று அப்போதே அதற்குப் பெயர். போன மாதம் கட்டி முடித்த வீட்டுக்கும் இதே விதிதான். 34 ஆண்டுகளுக்கு முன் அந்த இடத்தில் அப்படி ஒரு வீடு இருந்திருந்தால் என்ன விலை போயிருக்கும் என்று அரசு அலுவலர் உட்கார்ந்து கணக்குப் போடுகிறார்.

அன்றைய விலையில் 40,000 பவுண்டு வரை உள்ள வீடு ‘ஏ’ பிரிவு, 3,20,000 பவுண்டுக்கு மேல் போனால் ‘எச்’. விலையில் குறைந்தது எட்டு மடங்கு வித்தியாசம், வரியிலோ மூன்று மடங்குதான். ‘எச்’சுக்கு மேல் பிரிவே கிடையாது. இந்த 34 ஆண்டுகளில் லண்டனில் வீட்டு விலை ஏறிய வேகம் வேறு, வடக்கே சிறு நகரங்களில் ஏறிய வேகம் வேறு. வரிக்கு மட்டும் அந்த வித்தியாசம் கண்ணில் படவில்லை. ‘ஏ’, ‘பி’ வீடுகளே நிறைந்த ஏழை ஊரில்தான் முதியோர் பராமரிப்புக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்கும் கவுன்சில் அதிகம் செலவிட வேண்டியிருக்கிறது. அந்தச் செலவை விலை குறைந்த வீடுகளின் தலையில்தான் கட்ட வேண்டும். லண்டனின் பணக்கார வெஸ்ட்மின்ஸ்டரில் ‘டி’ பிரிவு வரி ஏறத்தாழ 1,000 பவுண்டு. இல்லாத ஊர் இருக்கிற ஊரைவிட இரண்டு மடங்குக்கு மேல் கட்டுகிறது.

வட இங்கிலாந்தில் நான் வசிக்கும் ஊரில், ஆங்கிலக் கடிதங்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு வார இறுதிகளில் அவற்றைப் படித்துச் சொல்கிறேன். அப்படி வந்தவர் ஒரு தமிழ்ப் பெண். முதியோர் இல்லத்தில் இரவு வேலை. வாடகை வீடு, ‘பி’ பிரிவு. இங்கே இந்த வரியைக் கட்ட வேண்டியவர் வீட்டுக்காரர் அல்ல, குடியிருப்பவர்தான். மாதம் 180 பவுண்டுக்கு மேல் பத்துத் தவணை. வேலை நேரத்தைக் குறைத்த ஒரு மாதம் தவணை தவறிவிட்டது. கைப்பையிலிருந்து மூன்று உறைகளை எடுத்து மேசைமேல் வைத்தார், ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை. முதலாவது நினைவூட்டல், ஏழு நாள் கெடு. இரண்டாவது, தவணை வசதி ரத்து, ஆண்டுக்கான மீதி முழுவதையும் உடனே கட்ட வேண்டும் என்றது. மூன்றாவது நீதிமன்றச் சம்மன், அதற்கான செலவும் அவர் கணக்கிலேயே ஏறியிருந்தது. அதற்கப்புறம் வருவது ஜப்தி ஆட்கள். இங்கிலாந்தில் இந்த வரிபாக்கிக்கு மூன்று மாதம் வரை சிறையில் போடச் சட்டத்தில் இன்னும் இடம் இருக்கிறது. வேல்ஸ் அதை 2019இலேயே நீக்கிவிட்டது.

வருமானம் குறைந்தவர்களுக்கு வரிச்சலுகை உண்டல்லவா என்று கேட்பீர்கள். அவர் வேலை விசாவில் வந்தவர். அப்படி வந்தவர்களுக்கு மறுக்கப்படும் பொது நிதி உதவிகளின் பட்டியலில் அந்தச் சலுகையும் இருப்பதால் அவரால் விண்ணப்பிக்கவே முடியாது. உங்கள் முதியவர்களை இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொள்கிறவர் முழு வரியையும் கட்டுகிறார்.

இதைச் சரிசெய்ய உங்கள் தொழிற்கட்சிக்கு ஏன் கை நடுங்குகிறது என்பதும் புரிகிறது. ஏழை பணக்காரர் பாராமல் பெரியவர் ஒவ்வொருவர்மீதும் பிரதமர் தாட்சர் போட்ட தலைவரி 1990இல் நாட்டையே தெருவுக்கு இழுத்தது. அந்த மார்ச் 31 அன்று டிரஃபால்கர் சதுக்கத்தில் கலவரம், நவம்பரில் அவர் பதவியே போனது. அவசர அவசரமாக 1993இல் வந்த மாற்றுதான் இந்தக் கவுன்சில் வரி. வேல்ஸில் 2005இல் மறுமதிப்பீடு நடைமுறைக்கு வந்தபோது பிரிவு இறங்கிய வீடுகளைவிட ஏறிய வீடுகளே அதிகம். அதே ஆண்டில் உங்கள் கட்சியின் பிளேர் அரசு இங்கிலாந்துக்கான மறுமதிப்பீட்டை ஆறப்போட்டது. வரி குறைந்தவர் வாய் திறக்க மாட்டார், கூடியவர் கூச்சல் போடுவார் என்ற பயம். லண்டனின் 75 தொகுதிகளில் 59ஐ 2024 தேர்தலில் நீங்கள் வென்றிருக்கும்போது அந்தப் பயம் இன்னும் கூடும்.

ஆனால் வரைபடத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். அதே தேர்தலில், குடியேற்றத்தை எதிர்க்கும் ரிஃபார்ம் கட்சி இரண்டாமிடம் பிடித்த தொகுதிகள் 98, அவற்றில் 89 உங்களுடையவை. 2025 மே மாதம் டார்லிங்டனுக்குப் பக்கத்து டர்ஹம் கவுண்டி கவுன்சிலும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. அந்த வாக்காளர்களைத் திரும்பப் பெறக் குடியேறிகள்மீது கடுமை காட்டுவதே வழி என்று உங்கள் தலைமை நம்புகிறது. இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அந்த ஊர்களில் மக்கள் மாதாமாதம் கைக்காசைக் கட்டி உணரும் அநியாயம் ஒன்று இருக்கிறது, அது இந்தக் கவுன்சில் வரி. அதற்குக் காரணம் குடியேறிகள் அல்ல. மொத்த வசூலில் ஒரு பவுண்டுகூடக் கூட்டாமல், வீடுகளின் இன்றைய விலைப்படி வரியைப் பங்கிட்டாலே வடக்கே பெரும்பாலான வீடுகளுக்கு அது குறையும். வருமானவரி, தேசியக் காப்பீடு, மதிப்புக்கூட்டு வரி ஆகியவற்றை உயர்த்த மாட்டோம் என்ற தேர்தல் வாக்குறுதியும் இதில் மீறப்படாது. வருமானவரி விலக்கு வரம்பை 12,570 பவுண்டிலேயே 2031 வரை நிறுத்திவைத்துச் சத்தமில்லாமல் வரி கூட்டுவதைவிட இது எவ்வளவோ நேர்மையானது.

லண்டனில் பெரிய வீட்டில் தனியாக, ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழும் மூதாட்டியை என்ன செய்வது என்ற கேள்வி நியாயமானது. அவர் வரியைத் தள்ளிவைக்கலாம், வீடு கைமாறும்போது எடுத்துக்கொள்ளலாம். ஏற்றத்தையும் ஒரே ஆண்டில் சுமத்த வேண்டியதில்லை, சில ஆண்டுகளில் படிப்படியாகக் கொண்டுவரலாம்.

புதிய கூடுதல் வரிக்காக 2026இல் விலையுயர்ந்த வீடுகளை மதிப்பிட அரசு அலுவலர்கள் எப்படியும் இறங்கத்தான் போகிறார்கள். மீதி வீடுகளையும் மதிப்பிடச் சொல்லுங்கள். அதற்கான நாளை வசந்தகால அறிக்கையிலேயே அறிவியுங்கள். ஒரு தவணை தவறினால் ஆண்டுக்கான மீதி முழுவதையும் கேட்கும் விதியையும், சிறைத் தண்டனையையும் நீக்க அதற்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வட இங்கிலாந்தில் வரி கட்டும் ஒரு தமிழர்